சின்ன இடிதானே, விட்டுவிடலாமா?

(பதில் அளிப்பவர், மதுரையில் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் காளவாசல் சிக்னலில், முன்னால் நின்ற பைக்கை என் கார் லேசாக இடித்துவிட்டது. பையன் சாய்ந்து விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு, இண்டிகேட்டர் உடைந்தது. "ஒண்ணும் இல்லண்ணே" என்றான். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போய்விட்டான். என் பம்பரில் ஒரு கீறல் மட்டும்தான். போலீஸ், இன்சூரன்ஸ் என்று போனால் அலைச்சல், கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான போனஸும் போய்விடும் என்கிறார் மச்சான். விட்டுவிடலாமா ஐயா?
– வாசகர், திருநகர்

பதில்: மச்சான் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதிக்கு அப்புறம் வருகிறேன்.

யாருக்காவது காயம் பட்டாலோ, அடுத்தவர் பொருள் சேதமானாலோ, ஓட்டியவர் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு இது. சிராய்ப்பும் காயம்தான், இண்டிகேட்டரும் பொருள்தான். சொல்லாமல் விட்டால் 187-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உண்மையான சிக்கல் அந்தப் பையன் வீட்டிலிருந்து வரலாம்.

விழுந்த சூட்டில் வலி தெரியாது. ராத்திரி மணிக்கட்டு வீங்கும், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். "கார் இடிச்சிருச்சு" என்றதும் விபத்துப் பதிவேட்டில் ஏறும், தகவல் போலீசுக்குப் போகும். அந்தக் காகிதத்தில் உங்கள் வண்டி நம்பர் இருக்கும், உங்கள் தரப்பு இருக்காது. நீங்கள் இறங்கி அவனைத் தூக்கிவிட்டதற்கு யார் சாட்சி? இழப்பீடு கேட்டு மனு போட அவர்களுக்குச் சட்டம் தரும் அவகாசம் ஆறு மாதம்.

இரண்டாயிரம் கொடுத்தது நல்ல மனசு. ஆனால் பாலிசி நிபந்தனைகளைப் புரட்டிப் பாருங்கள். கம்பெனியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தரவோ கூடாது என்றிருக்கும். கொடுத்ததை மறைக்காமல் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், "கீறல் மட்டும்தான்" என்கிறீர்களே, அதை நான் நம்பமாட்டேன். தொழில் புத்தி, மன்னிக்கவும். இந்தக் காலத்து பம்பர் பிளாஸ்டிக். இடித்ததும் உள்ளே அமுங்கி, தானாகவே வெளியே வந்து நல்ல பிள்ளையாக நிற்கும். கழற்றினால்தான் மடங்கிய பிராக்கெட்டும் உடைந்த கிளிப்பும் தெரியும். ஏசி கண்டென்சர் குழாயில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் கேஸ் மெல்லக் கசிந்து, சில நாள் கழித்து ஏசியில் வெறும் காற்று வரும். அப்போது கிளெய்ம் என்று போய் நின்றால், சர்வேயரின் கண் முதலில் கீறலில் படிந்த அழுக்கில்தான் விழும். "எப்ப இடிச்சது?" என்பார். முன்கூட்டியே தகவல் கொடுத்த தேதி இருந்தால் பதில் சொல்வது சுலபம்.

இப்போது போனஸ். தகவல் கொடுத்தாலே போனஸ் போகாது. உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கிளெய்ம் வாங்கினால்தான் போகும். கணக்குப் பாருங்கள். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000, போனஸ் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் வாங்கினால் அடுத்த வருடம் போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50. பிரீமியம் மாறாவிட்டாலும் மொத்த இழப்பு 10,000. சின்னக் காருக்குக் கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய 1,000 வேறு. தேய்மானம் கழிக்காமல் தரும் 'ஜீரோ டெப்' பாலிசி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலைதான் கிடைக்கும். ஆக, பம்பருக்கு பெயின்ட் மட்டும் என்றால் கைக்காசைப் போட்டுவிடுங்கள். மச்சான் சொன்னதில் சரியான பாதி இதுதான்.

24 மணி நேரம் தாண்டிவிட்டது, இருந்தாலும் நாளைக்கே காவல் நிலையத்துக்குப் போங்கள். தேதி, நேரம், இடம், பைக் நம்பர், நடந்தது மட்டும் எழுதுங்கள். யார் தப்பு என்ற ஆராய்ச்சி வேண்டாம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதன் நகலோடு கம்பெனிக்கு மெயில் அனுப்பினால் போதும்.

கேள்வி: கீழவாசலில் நிறுத்தியிருந்த என் காரை ஏதோ ஒரு வண்டி உரசிவிட்டுப் போய்விட்டது. தப்பு என்னுடையது இல்லையே, கிளெய்ம் வாங்கினாலும் போனஸ் போகுமா?
– வாசகி, அனுப்பானடி

பதில்: போகும். யார் தப்பு என்று போனஸ் பார்ப்பதில்லை. போனஸைக் காப்பாற்றும் 'போனஸ் புரொடெக்ட்' என்பதைப் பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால் தப்பலாம், பாலிசியைப் பாருங்கள். எதிரே கடை இருந்தால் கேமரா பதிவை இன்றே கேளுங்கள்; பழைய பதிவு தானாக அழிந்துவிடும். வண்டி நம்பர் கிடைத்தால் புகாரில் சேர்த்துவிடுங்கள். அவர்கள் இன்சூரன்ஸில் கேட்க வழி உண்டு.