பேத்தியின் பியானோவில் ஸட்ஜம் எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு 61 வயது. சிறுவயதில் பத்து வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டேன். இன்றும் மார்கழிக் கச்சேரிகளை விடமாட்டேன். என் பேத்திக்கு 13 வயது, பியானோவில் ஐந்தாம் கிரேடு படிக்கிறாள். போன மாதம் ஒரு சிம்ஃபொனிக் கச்சேரிக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். முதல் பகுதி முடிந்ததும் நான் கைதட்டிவிட்டேன். வேறு யாருமே தட்டவில்லை. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார், பேத்தி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அதற்கப்புறம் என்ன கேட்டேன் என்றே நினைவில்லை. அதற்கு முன்பும் ஒன்றும் பிடிபடவில்லை என்பதுதான் உண்மை. ஒரே ராகத்தில் நிற்கிறதா, மாறுகிறதா, எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? மோட்சார்ட், பீத்தோவன், வாக்னர், ஸ்ட்ராவின்ஸ்கி என்று பேத்தி அடுக்குகிறாள். யாருக்கு அப்புறம் யார் என்றுகூடத் தெரியவில்லை. வரலாற்றுப் புத்தகம் வாங்கிப் படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டுமா? இந்த வயதில் எனக்கு வருமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் அந்தக் கைதட்டலை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். நீங்கள் செய்தது தப்பில்லை, பழைய வழக்கம். 1778-இல் பாரிஸில் மோட்சார்ட்டின் சிம்ஃபொனி ஒன்று, அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்காகப் பல பகுதிகளாக எழுதும் உருப்படி, அரங்கேறியது. முதல் பகுதி முடியும்வரைகூட ஜனங்கள் பொறுக்கவில்லை, நடுவிலேயே ஓர் இடம் பிடித்துப்போய்க் கைதட்டினார்கள். அந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்தேதான் எழுதினேன், அதனால் கடைசியில் இன்னொரு தடவை கொண்டுவந்தேன் என்று அப்பாவுக்கு எழுதுகிறார் அந்த 22 வயதுப் பிள்ளை. கச்சேரி முடிந்த சந்தோஷத்தில் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டாராம், வேண்டிக்கொண்டபடி ஜெபமாலை சொன்னாராம். 1813-இல் வியன்னாவில் பீத்தோவனின் ஏழாம் சிம்ஃபொனியை முதன்முதலாக வாசித்தபோது, இரண்டாம் பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பகுதிகளுக்கு நடுவே சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பது அப்புறம் வந்த பழக்கம், 20-ஆம் நூற்றாண்டில்தான் கெட்டிப்பட்டது. பேத்தியிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். புத்தகம் நல்லதுதான், ஆனால் அது அப்புறம். பத்து வருஷம் தம்புராவோடு உட்கார்ந்து பாடிய காது உங்களுடையது. அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அன்று உங்களைத் திணற வைத்ததும் அதே காதுதான் என்று நினைக்கிறேன்.

நம் கச்சேரியில் ஸட்ஜம், அதாவது எல்லா ஸ்வரத்துக்கும் ஆதாரமான ‘ஸ’, நகராது. வர்ணத்திலிருந்து மங்களம்வரை ராகம் எத்தனை மாறினாலும் தம்புரா போட்ட இடத்தில் நிற்கும். அங்கே தம்புரா கிடையாது. ஒரே உருப்படியின் நடுவிலேயே ஸட்ஜம் இடம் மாறும், எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பி வரும். போவதும் வருவதும்தான் விஷயமே. நீங்கள் தொடக்கத்து ஸட்ஜத்தையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். சில நிமிடங்களில் அது கையைவிட்டுப் போயிருக்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மோட்சார்ட்டின் ஸி மேஜர் சொனாட்டா ஒன்று இருக்கிறது, கே. 545 என்று எண். பியானோ படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் அதற்கு வந்து சேருவார்கள். பேத்தியை அதன் முதல் பக்கத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு, உங்கள் சுருதிப்பெட்டியை ஒரு கட்டையில், அதாவது பியானோவின் ஸி ஸ்வரத்தில், வையுங்கள். தொடக்கம் அப்பட்டமான சங்கராபரணம், அவர்கள் மேஜர் என்பதன் ஸ்வரங்கள். வலது கையில் ஸா, க, ப, பிறகு கீழ் நிஷாதத்தைத் தொட்டுவிட்டு ஸரிஸ. இடது கை ஸபகப, ஸபகப என்று ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் சரளி வரிசையைத் துரிதகாலத்தில் பாடுவதுபோல ஸ்வரங்கள் ஏறி இறங்கும். எல்லாம் சுருதிப்பெட்டியோடு ஒட்டியே போகும். கொஞ்ச நேரத்தில் புது மெட்டு ஒன்று வரும், கூடவே பிரதி மத்யமம், அதாவது சங்கராபரணத்தின் மத்யமத்தைவிட ஒரு படி உயர்ந்த ‘ம’, தலைகாட்டும். அந்த மத்யமம் கொண்ட கல்யாணி ராகம் என்று உங்கள் காது சொல்லும்.

கல்யாணி இல்லை. ஸட்ஜம் பஞ்சமத்துக்குக் குடிபோய்விட்டது. அந்த இடத்தில் நிறுத்தி, பெட்டியை ஐந்து கட்டைக்கு மாற்றி, புது மெட்டை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். திரும்பவும் சங்கராபரணமாகவே கேட்கும்! நம் கிரகபேதத்துக்கு இது நேர் எதிர். கிரகபேதத்தில் ஸ்வரங்கள் அப்படியே இருக்க, ஸட்ஜம் மாறியதால் ராகம் மாறும். இங்கே ராகத்தை விடாமல் ஸட்ஜம் நகர்கிறது, அதற்காக ஒரு மத்யமம் விட்டுக்கொடுக்கிறது.

நடுப்பகுதியில் ஸட்ஜம் அங்குமிங்கும் அலையும், பிறகு முதல் மெட்டு திரும்பி வரும். வழக்கமாக மெட்டும் ஸட்ஜமும் சேர்ந்தேதான் வீடு வந்து சேரும். இந்தச் சொனாட்டாவில் மோட்சார்ட் மெட்டை மட்டும் முன்னால் அனுப்புகிறார். அது நாலு கட்டையில் ஒலிக்கும். ஒரு கட்டை அதற்கப்புறம்தான் வந்து சேரும். தொடக்கநிலைக்காரர்களுக்கு என்று அவரே குறித்துவைத்த சின்ன உருப்படியில் இத்தனை நுணுக்கம். தம் பட்டியலில் இதை அவர் பதிந்த நாள் 1788 ஜூன் 26. அதே நாளில் 39-ஆம் சிம்ஃபொனியையும் பதிந்திருக்கிறார். ஜூலையில் 40, ஆகஸ்டில் 41. அதற்கப்புறம் அவர் சிம்ஃபொனியே எழுதவில்லை, 1791-இல் 35 வயதில் போய்விட்டார்.

யாருக்கு அப்புறம் யார் என்றீர்களே, நமக்குத் தெரிந்த வருஷங்களோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால் மறக்காது. தியாகராஜர் பிறந்தது 1767, பீத்தோவன் 1770, முத்துஸ்வாமி தீட்சிதர் 1775. மூவரும் ஒரே தலைமுறை. நீங்கள் குழந்தையாகப் பாடியிருக்கக்கூடிய ‘சக்தி ஸஹித கணபதிம்’ தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் ஒன்று, ஐரோப்பிய மெட்டில் அமைந்த சாகித்யம். அதனால் அந்த வாசனை உங்களுக்குப் புதிதே இல்லை. நோட்டுஸ்வரங்களில் ஸட்ஜம் நகராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஹைடன், 1732-இல் பிறந்தவர். 1761-இல் எஸ்டர்ஹாஸி பிரபுக்களிடம் வேலைக்குச் சேர்ந்து, அரண்மனைச் சீருடை போட்டுக்கொண்டு கிட்டத்தட்ட முப்பது வருஷம் இருந்தார். நூற்றுக்கு மேல் சிம்ஃபொனிகள் எழுதினார். ஸட்ஜம் எப்போது கிளம்ப வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்ற ஒழுங்கு அவர் கையில்தான் படிந்தது. 1772-இல் கோடை அரண்மனையில் பிரபு தங்குவது நீண்டுகொண்டே போனது, வாத்தியக்காரர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்காமல் ஏங்கினார்கள். ஹைடன் ஒரு சிம்ஃபொனி எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராகத் தம் பங்கை வாசித்து முடித்து, தம் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். முடிவில் இரண்டு வயலின் மட்டும் மெலிதாக ஒலித்து ஓயும். பிரபுவுக்குப் புரிந்துவிட்டது, ஊர் திரும்ப உத்தரவு போட்டார் என்று சொல்வார்கள்.

அடுத்து பீத்தோவன். இவரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். 1802-இல் காது கேளாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, சாவைப் பற்றியெல்லாம் யோசித்து, தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பாமலே வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் மூன்றாம் சிம்ஃபொனியில் இறங்கினார், எரோய்க்கா என்கிறார்களே, அதில். நெப்போலியன் பெயரைத் தாங்கவிருந்த சிம்ஃபொனி அது. 1804-இல் அவர் தம்மைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டதும் பீத்தோவன் கோபத்தில் அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்தார். ஓட்டை விழுந்த அந்த முகப்புத் தாள் வியன்னாவில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

சுருதிப்பெட்டியை இரண்டரைக் கட்டையில் வைத்து இதைக் கேளுங்கள். முதலில் மொத்த வாத்தியமும் சேர்ந்து இரண்டு அடி. பிறகு செல்லோவில் ஸா-க, ஸா-கீழ்ப் ப, ஸகப என்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஒரு மெட்டு. ஸட்ஜத்துக்கு வந்து, காகலி நிஷாதத்துக்கு இறங்கி, ஏழாவது பாரில், அதாவது ஏழாவது தாளக் கட்டத்தில், அதற்கும் கீழான கைசிகி நிஷாதத்தில் போய் விழும். சங்கராபரணத்தில் கைசிகி நிஷாதம்! உங்கள் காது உடனே சுருக்கென்று உணரும், மேற்கத்தியப் பயிற்சி ஒன்றும் வேண்டாம். அரை நொடியில் சமாளித்துக்கொண்டு மெட்டு மேலே போய்விடும். ஆனால் அந்த அந்நிய ஸ்வரம் மறக்கப்படவில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து மெட்டு வீடு திரும்பும்போது அதே ஸ்வரம் மறுபடி வரும். இந்தத் தடவை மேலே ஏறாமல் கீழே வழுக்கும், எதிர்பாராத ஒரு ஸட்ஜத்துக்குக் கதவு திறக்கும், அங்கே ஹார்ன் என்ற கொம்பு வாத்தியம் ஒன்று தன்னந்தனியாக அந்த மெட்டை வாசிக்கும். எத்தனை வருஷமாகக் கேட்கிறேன், அந்த இடம் வரும்போது கையில் இருக்கும் வேலையை வைத்துவிடுகிறேன்.

அதற்குச் சற்று முன்னால் இன்னொரு கொம்பு, வீடு வருவதற்குள்ளேயே மெட்டைத் தொடங்கிவிடும். முதல் ஒத்திகையில் பக்கத்தில் நின்ற மாணவர் ரீஸ், கொம்புக்காரர் கணக்குத் தப்பிவிட்டார் என்று சத்தமாகச் சொல்லி, பீத்தோவனிடம் அறை வாங்கப் பார்த்தார். அது வேண்டுமென்றே எழுதியது. ஸட்ஜம் வரப்போகிறது என்ற ஏக்கம் தாங்காமல் ஒருவர் முந்திக்கொள்வது மாதிரி.

ஷூபர்ட், பெர்லியோஸ், ஷோப்பான், ஷூமான் எல்லோரும் இதற்குப் பின்னால் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருவரும் ஸட்ஜத்தை இன்னும் கொஞ்சம் தூரம் அழைத்துப் போகிறார்கள். பிராம்ஸ் மட்டும் பீத்தோவனின் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் முதல் சிம்ஃபொனியை வெளியிட 43 வயதுவரை, 1876வரை, காத்திருந்தார். இவர்களைப் பொறுமையாக அப்புறம் கேட்கலாம்.

1865-இல் மியூனிக்கில் மேடையேறிய வாக்னரின் ‘டிரிஸ்டனும் இசோல்டேயும்’ ஓப்பெராவின் தொடக்க இசையைத் தவறாமல் கேளுங்கள், பத்து நிமிடம்தான். ஒரு பாடகர் நிஷாதத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஸட்ஜத்துக்குப் போகாமல் எழுந்துவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? வாக்னர் அதைத்தான் செய்கிறார். ஒரு ஸ்வரக்கூட்டு, தவிப்பு, மௌனம். இன்னொரு கூட்டு, தவிப்பு, மௌனம். சேர முடியாத காதலர்களின் கதை என்பதால் ஸட்ஜமும் சேருவதில்லை. ஏறத்தாழ நாலு மணி நேரம் கழித்து, அவன் இறந்து அவளும் சாயும் கடைசி நொடிகளில்தான் ஏழு கட்டையில் இளைப்பாறல் கிடைக்கிறது.

இவ்வளவு தூரம் போனவர்களுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வி வந்துவிட்டது. 1908-இல் வியன்னாவில் ஷோன்பெர்க்கின் இரண்டாவது நால்வர் இசை. நாலு தந்தி வாத்தியங்களோடு ஒரு பெண் குரல் சேர்ந்து, வேறொரு கோளின் காற்றை உணர்கிறேன் என்று பாடுகிறது. அந்தப் பகுதியின் தாளில், எது ஸட்ஜம் என்று காட்டும் சுருதிக் குறியே போடவில்லை. அரங்கில் சிரிப்பும் கூச்சலும். 1920-களில் அவர் ஒரு முறையே வகுத்தார்: பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் சரிசமம், எதுவும் ஸட்ஜமாகித் தலைதூக்கக் கூடாது. இதைக் கேட்கும்போது சுருதிப்பெட்டியை அணைத்துவிடுங்கள். பிடிக்காவிட்டால் ஒதுக்கிவிடலாம், அதில் குற்றமில்லை.

ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ உங்களுக்குப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். 1913 மே 29, பாரிஸில் அரங்கேறிய பாலே. அன்று சபையில் ரகளையே நடந்தது. முன்னுரை முடிந்து ஆட்டம் தொடங்கும் இடத்தில் இரண்டரைக் கட்டை ஸ்வரக்கூட்டும் மூன்று கட்டை ஸ்வரக்கூட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, உலக்கை குத்துவதுபோல விழும். அங்கே ஸ்வரத்தை விட்டுவிட்டுத் தாளத்தைப் பிடியுங்கள். நடை சீராக ஓடும், அழுத்தம் மட்டும் தாறுமாறாக விழும்: ஒன்பது, இரண்டு, ஆறு, மூன்று, நான்கு, ஐந்து, மூன்று. கூட்டிப் பாருங்கள், 32. ஆதி தாளம் நாலு ஆவர்த்தனம். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் சமத்தில் சரியாக வந்து இறங்குவீர்கள். பேத்திக்கு அதைச் செய்து காட்டுங்கள், கண்ணை அகல விரித்துப் பார்ப்பாள்.

எல்லோரும் ஸட்ஜத்தைக் கைவிடவில்லை. 1942 ஆகஸ்ட் 9 அன்று, ஜெர்மானியர் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டிருந்த லெனின்கிராடில் ஷோஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்ஃபொனி வாசிக்கப்பட்டது. வானொலி வாத்தியக் குழுவில் பலர் இறந்திருந்தார்கள், மீதிப் பேரால் முழு ஒத்திகைகூட முடியவில்லை. ராணுவத்திலிருந்து ஆள் சேர்த்தார்கள், கூடுதல் ரேஷன் கொடுத்தார்கள். ஊரெங்கும் ஒலிபெருக்கி வைத்தார்கள், முற்றுகையிட்டவர்கள் காதிலும் விழட்டும் என்று. அது முடிவது ஒரு கட்டையில், பேத்தியின் சொனாட்டா தொடங்கும் அதே சங்கராபரண ஸட்ஜத்தில்.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் இருவரும் சேர்ந்தே செய்யலாம். 1964-இல் அமெரிக்கர் டெரி ரைலி ‘இன் ஸி’ என்ற உருப்படியை எழுதினார். பின்னாளில் ஹிந்துஸ்தானி வித்வான் பண்டிட் பிரான்நாத்திடம் சிஷ்யராகச் சேர்ந்தவர் இவர். மொத்தம் 53 சின்னச் சின்ன ஸ்வரத் துண்டுகள். எத்தனை பேர், எந்த வாத்தியம் என்ற கட்டாயமில்லை, பாடவும் செய்யலாம். ஒவ்வொரு துண்டையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பப் பாடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பின்னால் முழுக்க முழுக்கப் பியானோவில் ஒரு கட்டை ஸட்ஜத்தை மட்டும் ஒருவர் தட்டிக்கொண்டே இருப்பார், அதனால் சுருதிப்பெட்டிக்கு அன்று ஓய்வு. முதல் துண்டு, ஸட்ஜத்தை லேசாகத் தொட்டு மூன்று முறை காந்தாரம். பேத்தி ஸட்ஜத்தைத் தட்டட்டும், நீங்கள் காந்தாரத்தில் தொடங்குங்கள்.