நேரியல் சமன்பாடு, சார்பின் மதிப்பகம் இரண்டிலும் தடுமாறுகிறேன். எப்படிப் பழகுவது?

சமன்பாட்டுக்கு விடை தப்பாகிறது, மதிப்பகம் கேட்டால் எங்கே தொடங்குவதென்றே புரியவில்லை என்று இரண்டையும் தனித்தனிச் சிக்கலாகச் சொல்லியிருக்கிறீர்கள். (சார்பு என்பது ஓர் எண்ணைப் போட்டால் ஒரு விடை தரும் விதி, அதில் போடக்கூடிய எண்களின் தொகுப்பே அதன் மதிப்பகம்.) பள்ளிக் கணக்குகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான். மதிப்பகக் கணக்குகளில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரு நேரியல் சமன்பாட்டிலோ அசமன்பாட்டிலோதான் வந்து நிற்கும். ஆகவே முதலில் சமன்பாடு. (மாறிக்கு ‘அ’ என்றே போடுகிறேன். ஒவ்வொரு முறையும் விசைப்பலகையை மாற்றிக்கொண்டிருக்கப் பொறுமையில்லை.)

‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். பாதிக் குழப்பத்துக்கு அதுதான் காரணம் என்பேன். 3அ = 12 என்றதும் அ = 12 − 3 என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் விதியை மறக்கவில்லை, விதி சொன்னபடியே செய்கிறார்கள்! எதுவும் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் சமம், அதனால் ஒரு பக்கம் செய்ததையே மறுபக்கமும் செய்கிறோம், அவ்வளவுதான். 1557-இல் ராபர்ட் ரெகார்டு சமக்குறியை அறிமுகப்படுத்தியபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றுதான் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்:

(அ + 1)/2 − (அ − 3)/5 = 2

இரு பக்கமும் 10-ஆல் பெருக்கினால்

5(அ + 1) − 2(அ − 3) = 20
5அ + 5 − 2அ + 6 = 20
3அ = 9, அ = 3

இதில் வழுக்குகிற இடம் அந்த +6. அடைப்புக்கு வெளியே இருக்கும் கழித்தல் குறி உள்ளே இருக்கும் இரண்டு உறுப்பையும் தொட வேண்டும். −6 என்று போட்டுவிட்டால் அ = 7 வரும். முழு எண்ணாக, பார்க்க லட்சணமாக வரும் தப்பு விடை, சந்தேகமே வராது. ஆனால் 7-ஐப் பிரதியிட்டால் 4 − 0.8 = 3.2, வர வேண்டியது 2. விடையைத் திரும்பப் பிரதியிடுவது அரை நிமிட வேலை, அதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள்.

சில சமயம் மாறியே காணாமல் போய்விடும். பயப்படாதீர்கள். 6 = 6 என்று முடிந்தால் எல்லா எண்ணும் தீர்வு, 6 = 5 என்று முடிந்தால் தீர்வே இல்லை.

அடுத்தது மதிப்பகம். சூத்திரம் தேடாதீர்கள். ‘எந்த எண்ணைப் போட்டால் இந்தச் சார்பு திணறும்?’ என்று கேளுங்கள். உங்கள் பாட அளவில், மெய்யெண்களுக்குள், திணறுவதற்கு இரண்டே காரணங்கள்தான் பெரும்பாலும் வரும்: பகுதி (பின்னத்தில் கோட்டுக்குக் கீழே இருப்பது) பூச்சியமாவது, வர்க்கமூலத்துக்குள் குறை எண் வருவது. 5/0-க்கு ஏதோ ஒரு மதிப்பு உண்டென்றால் அதைப் பூச்சியத்தால் பெருக்கும்போது 5 வர வேண்டுமே, எப்படி வரும்?

√(8 − 2அ) என்றால் 8 − 2அ ≥ 0. அதாவது −2அ ≥ −8. குறை எண்ணால் வகுக்கும்போது அசமக்குறி திரும்பும், எனவே அ ≤ 4. திருப்ப மறந்தோமா என்று சந்தேகமாக இருந்தால் 0-ஐப் போட்டுப் பாருங்கள். √8 கிடைக்கிறது, ஆகவே 0 மதிப்பகத்துக்குள் இருந்தாக வேண்டும்.

இனி இரண்டும் சந்திக்கும் இடம். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு:

2அ/(அ − 3) = 6/(அ − 3) + 1

(அ − 3)-ஆல் பெருக்கினால் 2அ = 6 + அ − 3, ஆக அ = 3. வழியில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் 3-ஐப் போட்டால் பகுதியே பூச்சியம்! இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு கிடையாது. கணக்கைத் தொடுவதற்கு முன்பே ஓரத்தில் ‘அ ≠ 3’ என்று குறித்து வைத்திருந்தால் இந்தப் பொறியில் விழ மாட்டீர்கள்.

இதே காரணத்துக்காகத்தான் சுருக்குவதற்கு முன்பே மதிப்பகத்தை எழுதச் சொல்கிறேன். (அ² − 9)/(அ − 3) சுருங்கி அ + 3 ஆகிவிடும், பார்த்தால் எந்தத் தடையும் தெரியாது. ஆனாலும் 3 அதன் மதிப்பகத்தில் இல்லை. வரைபடம் போட்டால் நேர்கோட்டில் (3, 6) என்ற ஒரு புள்ளி மட்டும் ஓட்டையாக இருக்கும்.

நிபந்தனை இரண்டு வந்தால் இரண்டையும் நிறைவு செய்யும் எண்கள் மட்டுமே. √(அ − 2)/(அ − 5)-க்கு அ ≥ 2, அ ≠ 5. இடைவெளியாக எழுதினால் [2, 5) ∪ (5, ∞). சதுர அடைப்பு என்றால் அந்த எண்ணும் சேர்த்தி, வளைந்த அடைப்பு என்றால் சேராது, ∪ என்றால் இரண்டு இடைவெளிகளும் சேர்ந்தது. முடிவிலிப் பக்கம் எப்போதும் வளைந்த அடைப்புதான்.

√(அ + 1)/√(6 − 2அ) எப்படி என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கீழே இருக்கும் வர்க்கமூலம் பூச்சியமாகவும் கூடாது என்பதைக் கவனித்தால் [−1, 3) வரும். வேறு ஏதாவது வந்தால் உங்கள் படிகளைக் கருத்தில் போடுங்கள், பார்க்கிறேன்.