நீங்கள் இல்லாமல் கணக்கு ஓடுமா?

கேள்வி: ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பில்களை டேலியில் ஏற்றுவதுதான் வேலை. “இதை யார் வேண்டுமானாலும் செய்வார்களே” என்கிறார் முதலாளி. நான் இல்லாமல் முடியாது என்கிற நிலைக்கு வர என்ன வழி?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலாளி சொல்வது சரிதான். ஆனால் ஏற்றிய பில்லுக்கு இன்புட் வரி, அதாவது வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.க்கான வரவு, வந்ததா என்று துரத்த எல்லோராலும் முடியாது. அங்கே கைவையுங்கள்.

மாதாமாதம் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி வந்துவிடும்; சப்ளையர்கள் ஏற்றிய பில்களின்படி நமக்குக் கிடைக்கும் இன்புட்டின் பட்டியல் அது. அதை எக்செலில் இறக்கி, கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். சப்ளையரின் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் ஒரே கட்டத்தில் சேர்த்துக்கொண்டால் தேடுவது சுலபம். பலரும் சறுக்குவது பில் எண்ணில்தான். நீங்கள் ‘45’ என்று போட்டிருப்பீர்கள்; டையிங்காரர் ‘045/25-26’ என்று போட்டிருப்பார். இரண்டும் பொருந்தாது. பில்லில் அச்சாகியிருப்பதை அப்படியே ஏற்றினால் பாதித் தொல்லை தீரும்.

நம் பதிவேட்டில் இருந்தும் 2பி-யில் வராத பில்கள்தான் முக்கியம். சப்ளையர் ரிட்டர்ன் போட்டிருக்க மாட்டார், அல்லது நம் எண்ணைத் தப்பாக அடித்திருப்பார். அவர் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவராகவும் இருக்கலாம். நிட்டிங், பிரிண்டிங் செய்யும் சிறு யூனிட்டுகளில் இது சகஜம். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களின் பில்லை மட்டும் அந்தந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஏற்றிவிடும் வசதி அவர்களுக்கு உண்டு. பலருக்கு அது தெரியாது, நீங்கள் சொல்லிக்கொடுங்கள். மாத ரிட்டர்ன்காரர்களுக்குக் கெடு 11-ஆம் தேதி. ஆகவே போன் போட வேண்டியது 5 முதல் 10-க்குள். 14-க்குப் பிறகு பேசினால் அடுத்த மாதம்தான்.

2பி-யில் நமக்குச் சம்பந்தமில்லாத பில் வந்திருந்தால், அதே தளத்தில் பில்களை ஏற்கவோ மறுக்கவோ உள்ள ஐ.எம்.எஸ். பக்கத்தில் நிராகரியுங்கள். சும்மா விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும்.

அடுத்தது உங்கள் சொந்த யோசனையாக இருக்கட்டும். பேமென்ட் பட்டியலில் இரண்டு நெடுவரிசை சேருங்கள்: ‘2பி-யில் வந்ததா?’, ‘பில் தேதி + 180 நாள்’. அந்த 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் போகாவிட்டால், எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். செக்கில் கையெழுத்துப் போடும் முன் முதலாளி பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான். பெரிய திட்டமாக எடுத்துப் போகாதீர்கள். ஐந்து சப்ளையர்களுக்கு மட்டும் ஒரு மாதம் செய்து, எத்தனை ரூபாய் இன்புட் நிற்கிறது என்று ஒரே தாளில் காட்டுங்கள். ஏற்றுமதியாளருக்கு அது ரீஃபண்ட் பணம். உடனே நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: எல்லாப் பாஸ்வேர்டும் என்னிடம்தான். இரண்டு நாள் லீவு கேட்டாலும் கிடைப்பதில்லை.
– வாசகர், ஈரோடு

பதில்: பூட்டி வைத்துக்கொண்டு சம்பாதித்த மதிப்பு இது. முதலாளிக்கு உள்ளூரப் பயம் இருக்கும். மாற்று ஆளைத் தேடிக்கொண்டும் இருக்கலாம். 3பி, அதாவது வரி கட்டும் மாத ரிட்டர்ன், போடும் முறையைப் படிப்படியாக எழுதி, வரும் 20-ஆம் தேதிக் கெடுவுக்கு ஜூனியரையே போட வைத்து, பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள். ஓ.டி.பி. போகும் மொபைல் எண் உங்களுடையதாக இருந்தால், முதலில் அதைக் கம்பெனி எண்ணுக்கு மாற்றுங்கள்.