இத்தாலிக் குழுச் சுற்றுலாவுடன் தனியாக மூன்று நாள்: எவ்வளவு ஆகும், எப்போது தங்குவது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருச்சியில் வசிக்கிறேன். செப்டம்பரில் மனைவியுடன் ஒன்பது நாள் இத்தாலிக் குழுச் சுற்றுலா செல்ல முன்பணம் கட்டியிருக்கிறேன். ரோமில் தொடங்கி வெனிஸில் முடிகிறது. அவ்வளவு தூரம் போய்விட்டு அவசரமாகத் திரும்ப மனமில்லை. மூன்று நாள் தனியாகத் தங்க ஆசை. அதற்காக 1,20,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். போதுமா? முன்னால் தங்குவதா, பின்னால் தங்குவதா? பற்றாக்குறை வந்தால் வைப்புநிதியை முறிக்கலாமா?

பதில்: தாராளமாகத் தங்குங்கள். விமானக் கட்டணமும் விசா கட்டணமும் எப்படியும் செலவாகத்தான் போகின்றன என்பதால், பின்னொரு நாள் இன்னொரு பயணமாகப் போவதைவிட இப்போது சேர்க்கும் மூன்று நாள் மிகவும் மலிவு. ஆனால் அந்த மூன்று நாளையும் சுற்றுலாவுக்கு முன்னால், ரோமிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

திருச்சியிலிருந்து ரோமுக்கு நேரடி விமானம் கிடையாது. வழியில் ஓரிடத்திலாவது மாற வேண்டும். அங்கே இணைப்பு விமானம் தவறினாலோ பெட்டி வந்து சேராவிட்டாலோ, முன்னதாகப் போகிறவர்களுக்கு ஒரு நாள் குறையும், அவ்வளவுதான். அன்றே குழுவில் சேர வேண்டியவர்களுக்கோ பேருந்து கிளம்பிப் போயிருக்கும். என் வாடிக்கையாளர் தம்பதி ஒருவர் இப்படித் தாமதமாக இறங்கி, குழுவைப் பிடிக்க ஃப்ளோரன்ஸுக்குச் சொந்தச் செலவில் அதிவேக ரயிலில் போக நேர்ந்தது. அந்த ரயில்களின் கட்டணம் பயண நாள் நெருங்க நெருங்க ஏறும். அறுபதைக் கடந்த உடம்புக்கு நேர மாற்றம் பழகவும் அந்த நாட்கள் உதவும்.

இனி கணக்கு. எளிமைக்காக ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். கிளம்பும் சமயத்து மதிப்பை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். செப்டம்பர் அங்கே கூட்டமான மாதம். எனவே மூன்று நட்சத்திர விடுதியில் இருவர் அறைக்கு இரவுக்கு 160 யூரோ என்று மதிப்பிடுகிறேன். இதற்கு மேல் ரோம் மாநகராட்சியின் தங்கும் வரி உண்டு. மூன்று நட்சத்திர விடுதியில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. அறையைப் பதிவு செய்யும்போது காட்டிய தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது; விடுதியிலேயே தனியாகக் கேட்பார்கள். சாப்பாட்டுக்கு இருவருக்குமாக நாளொன்றுக்கு 60, நுழைவுச்சீட்டுக்கும் உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் 50, ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து டெர்மினி நிலையத்துக்கு வரும் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஆளுக்கு 14 யூரோ. குழுவினருக்கான விமான நிலைய வண்டி அவர்கள் இறங்கும் நாளில்தான் வரும் என்பதால் இந்த ரயில் செலவு உங்களுடையதே. எல்லாம் கூட்டினால் 874 யூரோ, அதாவது சுமார் 87,400 ரூபாய். மீதமுள்ள 32,600 ரூபாயில் பயணச்சீட்டு மாற்றமும் காப்பீட்டு நீட்டிப்பும் அடங்கிவிட வேண்டும்.

அடங்குமா என்பதைத் தீர்மானிப்பது விமானச்சீட்டுதான். குழுக் கட்டணத்தில் எடுத்த சீட்டில் தேதியை மாற்றுவதற்குத் தனிக் கட்டணம் இருக்கும். சில சமயம் போகும் தேதியை மாற்றவே விடமாட்டார்கள். எனவே நிறுவனத்திடம் இரண்டு தொகைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: தேதி மாற்ற எவ்வளவு, விமானமில்லாமல் தரைப் பயணம் மட்டும் என்றால் எவ்வளவு குறைப்பார்கள். குறைக்கும் தொகை கணிசமாக இருந்தால், ரோமில் இறங்கி வெனிஸிலிருந்து திரும்பும்படி ஒரே பதிவாக நீங்களே சீட்டு எடுக்கலாம். தனித்தனியாக இரண்டு ஒருவழிச் சீட்டுகள் வாங்குவதைவிடப் பெரும்பாலும் இது மலிவாக இருக்கும்.

கூடுதல் இரவுகளுக்கான அறையை நிறுவனத்தின் மூலம் எடுத்தால், அத்தொகையும் சுற்றுலாத் தொகுப்போடு சேர்ந்து அதன்மேல் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்கப்படும். இது இழப்பு அல்ல. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வரி கட்ட வேண்டியதில்லை என்றால் திரும்பப் பெறலாம். ஆனாலும் ஓய்வூதியத்தில் வாழ்பவரின் பணம் பல மாதம் முடங்கிக் கிடக்க வேண்டாமே. நீங்களே அறையைப் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே பிடித்த தொகை உங்கள் பான் எண்ணுக்கான வருமான வரித் துறையின் ஆண்டு வரி அறிக்கையில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது விசா. இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் அனுமதித்த நாட்களுக்கு மேல் தங்கினால் அது குற்றம். நிறுவனம் ஒன்பது நாளுக்கென்று விண்ணப்பித்துவிட்டால் உங்கள் திட்டம் அங்கேயே முடிந்தது. ஆகவே விசா விண்ணப்பம் போகும் முன்பே பன்னிரண்டு நாள் என்று தெரிவித்து, கூடுதல் இரவுகளுக்கான விடுதிப் பதிவையும் இணைக்கச் சொல்லுங்கள். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் அத்தனை நாளையும் தழுவியிருக்க வேண்டும். தொகுப்போடு தரும் காப்பீடு சுற்றுலாத் தேதிகளோடு நின்றுவிடலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பணம் தருவார்களா என்பதையும் படித்துப் பாருங்கள். விசா கையில் வந்து, சுற்றுலா உறுதி என்று நிறுவனமும் எழுதித் தரும்வரை, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை மட்டுமே பதிவு செய்யுங்கள்.

கொலோசியத்துக்கும் வாடிகன் அருங்காட்சியகத்துக்கும் குழுவே அழைத்துப் போகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அவற்றுக்கு மறுபடி சீட்டு வாங்காதீர்கள். அந்த நாட்களில் ஓஸ்டியா ஆன்டிகா போன்ற இடத்துக்குப் போகலாம். பழைய ரோமானியத் துறைமுக நகரம் அது; ரோம் நகரின் 1.50 யூரோ சாதாரணப் பயணச்சீட்டிலேயே போய்விடலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை.

அங்கே அட்டையில் பணம் கட்டும்போது ரூபாயிலா யூரோவிலா என்று கருவி கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் கட்டினால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும். கடன் அட்டையில் வெளிநாட்டுச் செலவுக்குப் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. அதனால் பெரும்பகுதியை யூரோ ஏற்றிய பயண அட்டையில் வைத்துக்கொண்டு, கடன் அட்டையை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள்.

வைப்புநிதியை முறிக்க வேண்டாம். சீட்டு மாற்றமும் காப்பீடும் சேர்ந்து 32,600 ரூபாயைத் தாண்டினால், மூன்று இரவை இரண்டாகக் குறையுங்கள்; ஏறக்குறைய 28,000 ரூபாய் மிச்சமாகும். அப்போதும் சிறு தொகை இடித்தால், வைப்புநிதியின் பேரில் உங்கள் வங்கியிலேயே மிகைப்பற்று (ஓவர்டிராஃப்ட்) வாங்கி, இரண்டு மூன்று மாத ஓய்வூதியத்தில் அடைத்துவிடலாம். முதிர்வுக்கு முன் முறிப்பதால் குறையும் வட்டியைவிட அதற்கு ஆகும் வட்டி பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.