லிஸ்பனில் மூட்டுவலியுள்ள அம்மாவோடு ஒரு நாள்: ஏற்றத்தைத் தவிர்க்கும் வழி

லிஸ்பனின் பழைய மேட்டுத் தெருக்களில் ஓடும் டிராம் 28-ல் ஏறினால் நடக்காமலே எல்லாம் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நம்பாதீர்கள். படி உயரம், நெரிசலில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், பிக்பாக்கெட் தொல்லை வேறு.

குன்றின் மேல் உள்ள சாவ் ஜார்ஜ் கோட்டைக்கு பிராசா ட ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 பஸ் போகிறது. கோட்டை வாசலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். உள்ளே மதில் மேல் ஏறும் படிகள் செங்குத்து, அதை விட்டுவிடுங்கள். ஆறும் ஊரும் தெரியும் மேடையை அம்மா நிதானமாகவே பார்க்கலாம். திரும்பும்போதும் அதே பஸ்தான். 'இறக்கம்தானே, அல்ஃபாமா என்ற சரிவான பழைய குடியிருப்பு வழியாக நடந்துவிடலாம்' என்று தோன்றும்; மூட்டுவலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். தேய்ந்து வழவழப்பான சுண்ணாம்புக் கல் பதித்த நடைபாதை, நாலு தூறல் விழுந்தாலே வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம்.

ஊரின் சமதளமான நடுப்பகுதி பைஷா; அங்கிருந்து மேலே மேட்டிலுள்ள ஷியாடு பகுதிக்குப் போக சாந்தா ஜுஸ்தா லிஃப்ட் வரிசையில் நிற்க வேண்டாம். பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்தில் கீழ்வாசலில் நுழைந்து எஸ்கலேட்டரிலேயே ஷியாடு வாசலுக்கு ஏறிவிடலாம். டிக்கெட் கேட்டைத் தாண்ட வேண்டியதில்லை, செலவும் இல்லை. 1755 பூகம்பத்தில் கூரை இழந்த கார்மு கிறிஸ்தவ மடம் அங்கிருந்து கிட்டத்தில்தான். எஸ்கலேட்டர் பழுதாகி நிற்பதும் உண்டு, அப்படியானால் டாக்சி பிடியுங்கள்.

மதியத்துக்கு ஆற்றங்கரைப் பகுதியான பெலெங். பெரும்பாலும் சமதரை, 15 டிராம் போதும். ஜெரோனிமுஸ் மடத்துத் தேவாலயத்தில் நுழைந்ததுமே இடப்பக்கம் வாஸ்கோ ட காமா கல்லறை. திங்கட்கிழமை மடம் விடுமுறை, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.