இறந்துபோன நாத்தனாரின் பெயரை என் மகளுக்கு வைக்கச் சொல்கிறார்கள்

கடிதம்

வணக்கம் மேடம்,

எனக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை, ஒன்றரை மாதம் தாண்டிவிட்டது. இப்போது காட்பாடியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். புகுந்த வீடு குடியாத்தம் பக்கம். வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, வார லீவில்தான் எங்களைப் பார்க்க வருவார்.

பிரச்சினை குழந்தையின் பெயர். சிரிக்காதீர்கள், இதற்கெல்லாமா ஆலோசனை கேட்பார்கள் என்று என் அண்ணனே கேட்டுவிட்டான்.

இவருக்கு ஒரு தங்கை இருந்தாள். பெயர் ரேணுகா. குலதெய்வம் படவேட்டு ரேணுகாம்பாள் அம்மன் என்பதால் வைத்த பெயர். பிளஸ் டூ முடித்து காலேஜில் சேர இருந்த நேரத்தில் டெங்கு காய்ச்சல் வந்து போய்விட்டாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே நடந்தது, நான் அவளைப் பார்த்ததில்லை. அந்த வீட்டில் அவளைப் பற்றி யாரும் பேசவும் மாட்டார்கள். போட்டோகூட பீரோவுக்குள்தான் இருக்கிறது, அத்தை பார்த்துப் பார்த்து அழுகிறார் என்று இவர்தான் கழற்றி வைத்தாராம்.

குழந்தை பிறந்த அன்று அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்து மடியில் வாங்கி, "எம் பொண்ணே திரும்பி வந்துட்டாடி" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிலிருந்து "ரேணு, ரேணு" என்றுதான் கூப்பிடுகிறார். முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துத் தொட்டிலில் போட்டபோது ரேணுகா குழந்தையில் போட்டிருந்த கொலுசைக் கொண்டுவந்து மாட்டினார். மூன்றாம் மாதம் குடியாத்தத்தில் சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுப் பெயர் வைப்பதாக ஏற்பாடு, பத்திரிகை அடிக்க மாமா சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

எனக்கு ஓவியா என்று வைக்க ஆசை. வயிற்றில் இருக்கும்போதே பெண் என்றால் இதுதான் என்று நினைத்து வைத்தது, இவரும் அப்போது நன்றாக இருக்கிறது என்றார். குழந்தைக்கு ரோகிணி நட்சத்திரம், ஜோசியர் சொன்ன எழுத்தும் ஓ, வ, வி, வு. அதைக் காட்டி 'ரே' வராது என்று சொல்லிவிடலாமா? என் அம்மா வேறு மாதிரி பேசுகிறார். அற்பாயுசில் போன பெண்ணின் பெயர் ஆகவே ஆகாது, நானே வந்து சம்பந்தியம்மாவிடம் பேசுகிறேன் என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே பெயருக்கு அப்படி ஏதாவது உண்டா?

இவரிடம் கேட்டால் "நீயும் அம்மாவும் பேசி முடிவு பண்ணிக்குங்க" என்று போனை வைத்துவிடுகிறார். ராத்திரி குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அத்தை குழந்தையைத் தூக்கினால் கை நடுங்குகிறது, பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவர் பாவம் என்றும் தெரிகிறது. எனக்குத் தெரியாமல் நகராட்சியில் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டால் என்ன செய்வது? நான் சுயநலக்காரியா மேடம்?

பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்

அன்புள்ள சகோதரி,

சுயநலமெல்லாம் இல்லை. அப்புறம் உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், பெயர் விஷயமாக முட்டிக்கொண்டு ஆலோசனைக்கு வருகிற குடும்பங்கள் உண்டு, உட்காரவைத்துக் கொஞ்ச நேரம் பேசவிட்டால் சண்டை வேறு எதைப் பற்றியோ இருக்கும்.

உங்கள் பயங்களில் சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு அந்தத் தகவலை அவர்களே கொடுத்திருப்பார்கள். பெயர் இல்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி இருக்கிறது. பெயரைத் தெரிவிக்க வேண்டியவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்றுதான் 1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் சொல்கிறது. ஆகவே தாத்தா ஆசைப்பட்டாலும் உங்கள் கணவர் தலையாட்டாமல் நடக்கக்கூடாது. ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது பெரிய அலைச்சல், அதனால் முடிவாகும்வரை யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மூன்றாம் மாதம் என்பது உங்கள் மாமா வைத்த கெடுதான், தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது.

பெயரைவிட எனக்குக் கவலை தந்தது வேறு ஒரு வரி. குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பிரசவம் ஆன முதல் சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் பெரும்பாலானவர்களுக்கு உண்டு, இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். உங்களுக்கு ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. தூக்கமின்மை, நடுக்கம், குழந்தையை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பதற்றம், இதெல்லாம் சேர்ந்து வருவதைப் பெயர்ச் சண்டையின் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். பத்தாம் வாரத் தடுப்பூசிக்குப் போவீர்கள் இல்லையா, அன்றைக்கு உங்களுக்காகவும் டாக்டரிடம் பேசுங்கள். எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கிறது, 1987லிருந்து உலகம் முழுக்கப் பிரசவித்த பெண்களிடம் கேட்பது, அதை நிரப்பினாலே பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். அதுவரை பொறுக்க முடியாத ராத்திரியில் 14416க்குப் போன் செய்யுங்கள், அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம். குழந்தையையோ உங்களையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் அம்மாவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இப்போது பெயர். உங்கள் அம்மாவின் பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெயருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. படவேட்டு அம்மனைக் கும்பிடுகிற ஊர்களில் ரேணுகாக்களுக்குக் குறைச்சலே இல்லை, ஆரணியிலும் போளூரிலும் பேரன் பேத்தி எடுத்து ஆடி மாதம் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும் ரேணுகாக்கள் எத்தனை பேர்! உங்கள் நாத்தனாரைக் கொண்டுபோனது ஏடிஸ் கொசு. அதனால் இந்தப் பயத்தை விட்டுவிடுங்கள், அதைவிட முக்கியமாக உங்கள் அம்மாவைக் குடியாத்தத்துக்கு அனுப்பாதீர்கள். பெற்ற மகளைப் பறிகொடுத்த ஒருத்தியிடம் போய் உன் மகள் பேர் ராசியில்லாத பேர் என்று சொன்னால், பெயர்ப் பிரச்சினை தீர்ந்தாலும் அந்த வார்த்தை தீராது. அந்த வீட்டில்தான் நீங்கள் காலம் தள்ள வேண்டும்.

நட்சத்திர எழுத்தும் வேண்டாம். 'ரே' சுவாதிக்கு உரிய எழுத்து, ரோகிணிக்கு வராது, அது சரி. ஆனால் ஜாதகப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்று அதே ஜோசியர் உங்கள் மாமாவுக்கு ஒரு வழி காட்டிவிடுவார், அப்புறம் உங்கள் கையில் சொல்வதற்கு எதுவும் இருக்காது. நிஜமான காரணத்தைச் சொல்லப் பயந்துதான் மருமகள் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள் என்பதும் தெரிந்துவிடும்.

நிஜமான காரணம் நல்ல காரணம்தான். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நம் பக்கத்தில் வழக்கம்தானே, இது மட்டும் என்ன தப்பு என்று யாராவது கேட்பார்கள். ஆயா நிறைய வாழ்ந்து போனவள். அவள் பெயரை வைத்தால், மாமியார் பேரைச் சொல்லித் திட்ட முடியாதே என்று மருமகள் வீட்டில் பாப்பா என்றோ குட்டி என்றோ கூப்பிடுவாள், அவ்வளவுதான் சங்கடம், அந்தக் குழந்தை ஆயாவாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். இங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கை பிளஸ் டூவோடு நின்றுவிட்டது. மீதியை வாழ்ந்து காட்டுகிற வேலை, யாரும் சொல்லாமலே, உங்கள் மகள் தலையில் வந்து உட்காரும். அவளை மாதிரியே சிரிக்கிறாள், அவளுக்கும் கணக்கு வராது, அவளாக இருந்தால் இப்படி எதிர்த்துப் பேசமாட்டாள். செத்துப்போனவள் தப்பே செய்ய மாட்டாள் பாருங்கள், அவளோடு போட்டி போட்டு எந்தக் குழந்தையும் ஜெயிக்க முடியாது. பன்னிரண்டாவது படிக்கும் வயதில் சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட வீடே எப்படி நடுங்கும் என்று யோசியுங்கள்.

ஓவியர் வின்சென்ட் வான்கோவை எல்லோருக்கும் தெரியும். அவர் பிறந்தது 1853 மார்ச் 30. அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, 1852 மார்ச் 30 அன்று, அவர் அம்மாவுக்கு ஒரு ஆண் குழந்தை இறந்தே பிறந்தது, அதற்கும் வின்சென்ட் என்றுதான் பெயர். அப்பா வேலை பார்த்த தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் தன் பெயர் பொறித்த கல்லைப் பார்த்துக்கொண்டே அந்தப் பையன் வளர்ந்தான். அவருடைய மனநோய்க்கு இதுதான் காரணம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, மனநோய் அவ்வளவு சுலபமாக ஒரே காரணத்தில் அடங்காது. ஆனாலும் ஒரு குழந்தைக்கு அந்தக் கல் எதற்கு? மனநலத் துறையில் இப்படிப்பட்ட குழந்தைகளை 'மாற்றுக் குழந்தை' என்பார்கள். ஆல்பர்ட் கெய்ன், பார்பரா கெய்ன் என்ற இருவர் 1964இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது. அவர்கள் எழுதியது குழந்தையை இழந்த பெற்றோர், அந்த இடத்தை நிரப்பவே பெற்றுக்கொண்ட அடுத்த குழந்தையைப் பற்றி. உங்கள் வீட்டு நிலைமை அவ்வளவு மோசமில்லை, துக்கம் பாட்டிக்கு, அம்மாவாக நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். அதனால் பெயர் வைத்தால் குழந்தை கெட்டுவிடும் என்று நான் மிரட்டப் போவதில்லை. தவிர்க்க முடிகிற பாரத்தைத் தவிர்க்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இனி உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட இடம். போட்டோ பீரோவுக்குள் இருக்கிறது, யாரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. மகன் நல்ல எண்ணத்தில்தான் கழற்றி வைத்திருப்பார். ஆனால் அந்த அம்மாவின் நிலைமையைப் பாருங்கள், வளர்த்த மகளின் பெயரை இத்தனை வருடமாக வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, சொன்னால் மகன் முகம் மாறுகிறது, கணவர் எழுந்து போய்விடுகிறார். இப்போது ஒரு பேத்தி வந்ததும், யாரும் தடுக்க முடியாதபடி நாள் முழுக்க "ரேணு, ரேணு" என்று கூப்பிட ஒரு வழி கிடைத்திருக்கிறது. அதை விடச் சொன்னால் எப்படி விடுவார்? பேத்திக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால், அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு அந்த வீட்டில் வேறு இடம் வேண்டும்.

இதைச் செய்ய வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் போய்ப் பேசினால் மருமகள் மறுக்கிறாள் என்றுதான் கதை கட்டுவார்கள். அவர் போனை வைத்துவிடுவதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவருக்கும் அது தங்கை, அந்தப் பேச்சு வரும் இடத்திலிருந்து ஓடிப் பழகியிருக்கிறார். அடுத்த லீவில் வரும்போது குழந்தைக்கு என்ன பெயர் என்று ஆரம்பிக்காதீர்கள். ரேணுகா எப்படி இருப்பாள், உங்களோடு சண்டை போடுவாளா, எந்த காலேஜில் சேர ஆசைப்பட்டாள் என்று கேளுங்கள். கல்யாணம் ஆனதிலிருந்து யாருமே அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அழுதால் அழட்டும். பெயரைப் பற்றி அன்றைக்கே பேசியாக வேண்டும் என்பதும் இல்லை.

அப்புறம் அவர் தனியாகக் குடியாத்தம் போய் அந்தப் போட்டோவை எடுத்து மாட்டட்டும், அம்மாவைக் கேட்டுக்கொண்டு, அவர் சொல்கிற இடத்தில். அதன் பிறகு பெயர்ப் பேச்சு. வார்த்தை அவருடையதாக இருக்கட்டும், ஆனால் விஷயம் இப்படி இருக்கலாம்: "யம்மா, தங்கச்சி பேரு தங்கச்சிக்கே இருக்கட்டும்மா. பாப்பாவ அந்தப் பேர் சொல்லிக் கூப்புட்டா எனக்கு அவ ஞாபகம்தான் வருது, எம் பொண்ண என்னால பாக்க முடியல. பாப்பாவுக்கு நாங்க ஓவியான்னு வைக்கிறோம். அவளப் பத்தி நீ எவ்ளோ வேணாலும் பேசு, நான் கேக்குறேன்." கடைசி வரி இல்லாமல் மற்றதைச் சொல்லக் கூடாது, அதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அத்தை உடனே ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். சில நாள் பேசாமல் இருக்கலாம், கொலுசைத் திருப்பிக் கேட்கக்கூட செய்யலாம், கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள். கேட்காவிட்டால் போட்டுவிடுங்கள், ரேணுகாவின் கொலுசை அவள் அண்ணன் மகள் போடுவதில் ஒரு தப்பும் இல்லை. பெயர் வைக்கிற அன்று குழந்தையின் காதில் மூன்று முறை சொல்வோம் இல்லையா, அதற்கு முன்னால் குலதெய்வத்தின் பெயரை அத்தை சொல்லட்டும் என்று நீங்களே கேளுங்கள். ரேணுகாம்பாள் என்று அவர் சொல்லும்போது மனசில் யாரை நினைக்கிறார் என்பது அவருடைய விஷயம். பத்திரிகையிலும் சான்றிதழிலும் ஓவியா. அதற்குப் பிறகும் வாய் தவறி ரேணு என்று வந்தால் திருத்தாதீர்கள், ஒவ்வொரு தடவையும் திருத்தப் போனால் அது இன்னொரு சண்டையாக வளரும்.

ஒரு சின்ன விஷயம், இதை எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஓவியாவை எப்படி எழுதுவது, கடைசியில் ஒரு 'ஹெச்' சேர்ப்பதா வேண்டாமா என்பதை நகராட்சிக்குப் போகும் முன்பே இரண்டு பேரும் முடிவு செய்துவிடுங்கள், நியூமராலஜி பார்க்கிறவர்களிடம் மாமா போய்வர ஆசைப்பட்டால் அதையும் முன்பே முடித்துக்கொள்ளட்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளியில் வேறு மாதிரி என்று வைத்துக்கொண்டு பிறகு அலைகிறவர்கள் ஏராளம். இனிஷியலையும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.