டெல்லி கணேஷ் நாயகனாக நிலைக்காமலே 400 படங்களைத் தாண்டியது எப்படி?

பெயரில் டெல்லி இருந்தாலும் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு. பிறந்தது 1944 ஆகஸ்ட் 1. 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடைப் பயிற்சி கிடைத்தது. பெயரோடு ஒட்டிக்கொண்ட 'டெல்லி' அங்கிருந்து வந்ததுதான். 1977-ல் பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' வழியாகத் திரைக்கு வந்தார். 'பசி' (1979) படத்துக்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு.

அவருடைய பலம் பேச்சு. மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று பழகிய மேடை நடிகர்கள் பலர் கேமரா முன்னாலும் கத்துவார்கள். க்ளோஸப்பில் அது அப்படியே துருத்தும். கணேஷ் சத்தத்தைக் குறைத்தார், மேடையின் டைமிங்கை மட்டும் வைத்துக்கொண்டார். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) பாலக்காடு மணி ஐயரைப் பாருங்கள்: சாம்பாரில் மீன் விழுந்த களேபரத்திலும் அந்த வட்டாரப் பேச்சு பிசகாது. 'நாயகன்' (1987) படத்தில் வேலு நாயக்கருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் ஐயர், 'சிந்து பைரவி'யில் (1985) குடிக்கும் மிருதங்கக்காரர் குருமூர்த்தி என இரண்டிலும் நகைச்சுவைச் சாயலே வேறு. என் கணக்கில் குருமூர்த்திதான் கடினமான வேடம். குடிகாரன் என்றாலே தள்ளாடிக் காட்டும் பழக்கம் நம் சினிமாவில் அதிகம்; அதில் விழாமல் நடிப்பது சுலபமல்ல.

கலைமாமணி 1994-ல் வந்தது. 2024 நவம்பரில், 80 வயதில் மறைந்தார்.